தண்ணீர் ஊசி

உட்கார நாற்காலி கொடுத்தீர்கள், நன்றி. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை, முட்டி ஒத்துழைப்பதில்லை.

என் மனைவிக்கு எலும்பு நொறுங்கும் நோய். கல்யாணமான புதிதில் ஆசையாக இறுக்கி அணைத்தேன். விலா எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. "மத்த புருஷனெல்லாம் மனசைத்தான் உடைப்பாங்க" என்று சிரித்தாள். சிரித்தாலும் வலித்தது.

அதற்குப் பிறகு தொடவே பயந்தோம். மெல்ல வேறு வழி கிடைத்தது. முதுகுக்கடியில் கைகொடுத்து அவளை எழுப்புவேன். அவள் மூச்சு என் கழுத்தில் படும். தலைக்கு ஊற்றி, துவட்டி, பின்னிவிடுவேன். பார்ப்பவர்களுக்கு அது பணிவிடை. எங்களுக்கு அதுதான் தாம்பத்தியம்.

புதிதாக வந்த டாக்டர் மாதம் ஓர் ஊசி எழுதிக்கொடுத்து, வீட்டிலேயே போட எனக்குக் கற்றுத் தந்தார். நாளடைவில் அவள் தானாகவே எழுந்தாள். தட்டச்சுப் பள்ளி வேலைக்குத் திரும்பினாள். குளியலறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு, "நானே குளிச்சுக்கறேன், நீங்க போய் காபி குடிங்க" என்றாள். நான் துண்டோடு வெளியே நின்றிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்தாள். "இனிமே பயப்பட வேண்டாங்க. டாக்டரே சொல்லிட்டாரு."

கையை எடுத்துக்கொண்டேன். நான் தேவைப்படாத ஓர் உடம்பை எப்படித் தொடுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகம் வாடிப்போனது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்த முறையிலிருந்து ஊசியில் தண்ணீர் ஏற்றினேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். சுத்த விஷயத்தில் நான் அசட்டையாக இருந்ததே இல்லை. மருந்தைக் கொட்ட மனம் வராமல் ஃப்ரிட்ஜில் காய்கறிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

வலி திரும்பியது. "மருந்துக்கே கேக்க மாட்டேங்குதுங்க" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். தட்டிக்கொடுத்தேன். பின்னல் மறுபடி என் கைக்கு வந்தது. எங்களுக்கு அது நல்ல காலம்.

வலியோடே வேலைக்குப் போனவள் பள்ளிப் படியில் சறுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காவுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த மைத்துனி, ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

எதையும் மறுக்கவில்லை. செய்தது நான்தான். இனி அவள் நடக்க மாட்டாள் என்கிறீர்கள். என்னைக் கண்ணில் காட்டக் கூடாதென்று அவளே சொன்னாள் என்கிறீர்கள். வலியில் ஏதோ சொல்லியிருப்பாள். நர்ஸுகள் அவளை அக்குளில் பிடித்துத் தூக்குகிறார்களாம், அது தப்பு. சீக்கிரம் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னை அனுப்புங்கள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?