குரங்கு கிழித்த வலை

மலேசியாவின் யான் ஊரில், ஒரு ஹார்ட்வேர் கடையில் பணம் கட்டும் வரிசை. எனக்கு முன்னால் அக்காவும் தங்கையும். ஜன்னலுக்குப் போடும் கம்பி வலைச் சுருள் தங்கையின் கையில். பழைய வலையைக் குரங்கு கிழித்துவிட்டதாம். இந்தப் பக்கம் குரங்கின் மேல் பழி போட்டால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அக்கா கேட்டார்.

"குரங்கு கிழிச்சா வலை உள்ள தொங்கணும் லா. உன் வீட்டுல வெளிய தொங்குது."

"மெதுவா பேசுக்கா."

"குரங்கு உள்ளேயா இருந்துச்சு?"

"அவரு என் போனைப் பிடுங்கிட்டு, கதவை வெளிய பூட்டிட்டுப் போயிட்டாரு. நான்தான் வலையைக் கிழிச்சேன். கிரில் வழியா கைய நீட்டி, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாகிட்ட போன் வாங்கித்தான் அன்னிக்கு உனக்கு அடிச்சேன்."

"சும்மாதான் அடிச்சேன்னு சொன்னியே!"

"அதுக்குள்ள அவரு காடி வாசல்ல வந்து நின்னுருச்சுக்கா. இப்ப கம்பி வலை போடணுமாம். கிழியாதாம்."

அக்கா சுருளைப் பிடுங்கிக் கல்லாமேசையில் வைத்தார்.

"வலை வேணாம் அண்ணே." பிறகு தங்கையிடம், "நீ என் காடியில ஏறு. நம்ம வீட்டுக்கு."