மாஸ்க் போட்ட டாக்டர் சொன்ன உண்மை

...இன்னும் நல்லா வாயத் திறங்க. ஆ... அப்படித்தான். என்னத்தச் சொல்ல போங்க, இந்தக் காலத்துல எவன் எதச் சொன்னாலும் நம்பறதுக்கு ஆள் இருக்கு! எங்க குடும்ப குரூப்புல ரெண்டு வாரமா ஒரே அடிதடி. எதுக்குங்கறீங்க? வெயிலுக்கு! பூமி சூடாகுதா இல்லையான்னு. சொத்துத் தகராறுல கூட நாங்க இப்படி அடிச்சுக்கிட்டதில்ல. ஊசி போட்ட பக்கம் மரத்துப்போச்சா? தலைய மட்டும் ஆட்டுங்க, பேசாதீங்க.

எல்லாம் அந்த வீடியோவால வந்த வினை. உங்களுக்கும் வந்திருக்குமே? மாஸ்க் போட்ட டாக்டரம்மா ஒருத்தி... "பூமியாவது சூடாகறதாவது! நான் பள்ளிக்கூடம் போன காலத்துலயும் வெயில் இப்படித்தான் கொளுத்துச்சு. சும்மா பயமுறுத்தறாங்க"ன்னு. மேல கொட்டை எழுத்துல, 'முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்த பிரபல டாக்டர் போட்டு உடைத்த உண்மை'. பின்னாடி பேய்ப் படத்து மியூசிக்கு. குரலையும் கட்டையாக்கி வச்சிருக்கான். கர்மம், கர்மம்!

என் கொழுந்தனார் இருக்காரே, டயர் கடை வச்சிருக்கார், தங்கமான மனுஷன். ஆனா ஃபோனக் கையில எடுத்தா விஞ்ஞானி ஆயிடுவார். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மாத்திரை மாதிரி அதையே அனுப்பறார். "அந்தம்மாவுக்கு என்னங்க தெரியும்"னு கேட்டேன். "அண்ணி, நீங்க பல்லப் பாருங்க. அவங்க எவ்ளோ பெரிய டாக்டர்! நீங்க வெறும் பல் டாக்டர்"ங்கறார். மூஞ்சிக்கு நேரா! ம்... துப்புங்க. கொப்புளிச்சுத் துப்புங்க.

அவர் கெடக்கட்டும். என் பொண்ண நெனச்சாத்தான் மனசு ஆறல. காலேஜ்ல விவாதப் போட்டி. கடல் மட்டம், மழைக் கணக்குன்னு மாசக்கணக்கா படிச்சா. சோத்துல கைய வச்சுக்கிட்டே பனிப்பாறையப் பத்திப் பேசுவா. மேடையில நல்லாத்தான் பேசினாளாம். எதிரணிப் பையன் எழுந்தான், ஒரு வார்த்தை பேசல, அந்த வீடியோவப் போட்டுக் காட்டினான். சபையே கைதட்டிருச்சு! பிள்ள வீட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டா. "அந்த டாக்டர ஒரே ஒரு தடவ பாக்கணும்மா. எதை வச்சுச் சொன்னீங்கன்னு மட்டும் கேக்கணும்"ங்கறா. நான் தட்டக் கழுவிக்கிட்டே "கேளு, கேளு"ன்னேன். வேற என்ன சொல்ல?

என்ன, கையக் கையக் காட்டறீங்க? வலிக்குதா? இல்லியா? அப்ப மேல் பல்லா? சுவரா? ...ஓ, அலமாரியில இருக்கற முதலையா! துணி முதலைங்க. குழந்தைங்க அழாம இருக்க, கையில பிரஷ்ஷக் குடுத்து உக்கார வச்சிருக்கேன். ஒரு கண்ணு போயிடுச்சுன்னு என் பொண்ணு சின்ன வயசுல சிவப்புப் பொத்தானத் தச்சு...

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

அடக் கடவுளே! வீடியோல ஓரத்துல இந்த முதலை தெரியுதா? நானே கவனிக்கலியே!

சரி. நான்தாங்க. அந்த மகராசி நானேதான்! முனகாதீங்க, மரத்துப்போன வாய வச்சுக்கிட்டு என்னத்த முனகறது. பல்லு சுத்தம் பண்ண ஒருத்தன் வந்தான். ஏசி ரிப்பேரு, நான் கடுகடுன்னு நிக்கறேன். ஃபோன நீட்டி, "வருஷா வருஷம் சூடு ஏறுதாமே டாக்டர்?"னான். பேச்ச விட்டுட்டு வாயத் திறந்தாப் போதும்னு எதையோ உளறி வச்சேன். பாவி, அத அப்படியே படம் பிடிச்சிருக்கான். வேர்த்துக் கொட்டக் கொட்டச் சொன்னேங்க, அதான் கொடுமை! முப்பது வருஷ ஆராய்ச்சியாம். நான் ஆராய்ச்சி பண்ணதெல்லாம் சொத்தைப் பல்லு!

சும்மா இருந்துட்டேன்னு நினைக்காதீங்க. வீடியோவுக்குக் கீழயே எழுதினேன். 'இது நான்தான், நான் பல் டாக்டர், எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது'ன்னு. என்ன பதில் வந்துச்சுங்கறீங்க? 'நீ எவ்ளோ வாங்கின?' இன்னொருத்தன், 'உண்மையான டாக்டர மறைக்கப் பாக்கறாங்க, எல்லாருக்கும் அனுப்புங்க'! நான்தான் நான்னு நானே சொன்னாலும் நம்ப ஒரு நாதி இல்ல! வேலியில போன ஓணானப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்டேன். குத்துது குடையுதுன்னு யார்கிட்டச் சொல்ல?

பொண்ணுகிட்டயா? இல்லீங்க... சொல்லல. எத்தனையோ தடவ வாயெடுத்தேன். பயமா இருக்கு. அவ மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருக்கு.

இருங்க, ஃபோன் அடிச்சுதே... அவதான். ஏதோ படம் அனுப்பியிருக்கா. ஐயையோ! முதலை! முதலையச் சுத்தி ஒரு சிவப்பு வட்டம். கீழ... 'லட்சம் பேர் பாத்தாச்சு நம்ம முதலைய. எங்கிட்ட மட்டும் ஏம்மா சொல்லல?'

சிரிக்கிறாளா, அழறாளான்னு தெரியலியே. ஒரு சிரிப்பு மூஞ்சி கூடப் போடலியே!

எழுந்திரிக்காதீங்க, பாதிப் பல்லுதான் அடைச்சிருக்கேன். வாயத் திறந்தே வைங்க. அவளக் கூப்பிடறேன். எதை வச்சுச் சொன்னேன்னு கேப்பா. ஒண்ணையும் வச்சுச் சொல்லலன்னு சொல்லித்தான் ஆகணும்... ஹலோ, கண்ணு? ஆமாம்மா. ஆமா. ஒரு நிமிஷம் இரு... மாஸ்க்கக் கழட்டிட்டுப் பேசறேன்.