கல்லைக் காயவிட்ட ஞாயிறு

அந்த நான்ஸ்டிக் தோசைக்கல்லை நீ எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னாய். தாராளமாக எடுத்துக்கொள். ஆனால் கழுவும் விதம் தெரியாவிட்டால் ஆறே மாதத்தில் பாழாக்கிவிடுவாய். சூட்டோடு தண்ணீர் காட்டாதே, கோட்டிங் உரிந்துவிடும். ஆறட்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், ரெண்டு சொட்டு சோப்பு, பழைய பனியன் துணி போதும். ஒரு பாதி வழவழப்பு, மறுபாதி கோடு கோடான மேடு; அந்த மேட்டில் ஏதாவது ஒட்டிக்கொண்டால் சுரண்டாதே. ஊறவை, தானாக வரும். இரும்புக் கரண்டியை அதன் பக்கமே கொண்டுபோகாதே. கேன்டீனில் இருபத்தாறு வருஷம் கல் முன்னால் நின்றவள் சொல்கிறேன். என் கல்லில் ஒரு கீறல் காட்டு பார்க்கலாம்.

இன்னொன்று. வெறும் கல்லை அடுப்பில் காயவிடாதே. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ உன் அம்மாவின் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போயிருக்கிறாய். அங்கே வரிசை நகர்ந்து நீ திரும்பி வருவதற்குள் முடித்துவிடுவேன்.

உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நான் இங்கே கூட்டிவந்தபோது வலது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. பேச்சும் போயிருந்தது. இடது கை ஒன்றுதான் மிச்சம். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புமுன் நீதான் அந்தக் குட்டிக் கிளியை வாங்கிவந்தாய். "அம்மாவுக்குத் துணையா இருக்கட்டும் பெரியம்மா" என்றாய். துணைக்கு நான் இருந்தேன். இருந்தாலும் கூண்டை வாங்கி அவள் கட்டிலருகே மாட்டினேன். பச்சை உடம்பும் மிடுக்கான நடையுமாக இருந்ததால் நீயே துரை என்று பெயர் வைத்தாய்.

நாலு வருஷம் உன் அம்மா முதுகில் ஒரு புண் வர விட்டதில்லை. குளிப்பாட்டினேன், மலஜலம் எடுத்தேன், முகம் சுளித்ததில்லை. நான் வேலைக்குப் போன நேரத்தில் அவளைப் பார்த்துக்கொண்ட மாடிவீட்டு அம்மாவைக் கேட்டுப் பார். துரையையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். கல்லோடு வந்த தாளில், காலிக் கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை பறவைக்கு ஆகாது, கூண்டைச் சமையலறையில் வைக்காதே என்று போட்டிருந்தது. படித்த நாளிலிருந்து, அடுப்பு மூட்டுமுன் உன் அம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சமைப்பேன். அந்த உயிர் நாலு வருஷம் இருந்தது என்றால் அது என் கவனம்.

உன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "ம்" என்பாள், தலையாட்டுவாள். பேச்சு திரும்புவது கஷ்டம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசினேன்.

போன வைகாசியில் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். மறுநாள் காலை, ஏழு மணிக்குக் கிளம்பவேண்டியவள் கிளம்பாமல் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து கிளி பேசியது. குழறலாக, உன் அம்மா குரலில்.

"போயிட்டாளா?"

உன் அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னாள். "போ...யிட்டா, துரை. போயிட்டா."

கிளி ஒரே நாளில் எதையும் கற்றுக்கொள்ளாது. ஒரு சொல் படிய, நான் கிளம்பிய பிறகு எத்தனை காலை அதை அவள் வாயால் கேட்டிருக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. எழுந்துபோய் அவளுக்குப் பிடித்த மாதிரி கல்லில் முட்டை போட்டு ஊட்டினேன். அவள் "ம்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அது கேட்டுக்கொண்டே இருந்தது. நான் துணி மடிக்கும்போது, போயிட்டாளா. கல்லைத் துடைக்கும்போது, போயிட்டாளா. என் சொந்த வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு ஆகி மாத்திரையும் போட்டு அவள் கண்ணயர்ந்ததும், கூண்டைச் சமையலறைக்குக் கொண்டுவந்தேன். அங்கே ஜன்னலைச் சாத்தினேன். கல்லைச் சுத்தமாகத் துடைத்து, எண்ணெய் விடாமல், அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டேன். வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு பீன்ஸ் ஆய்ந்தேன். கொஞ்ச நேரம் சிறகு அடித்தது. ஒரு தடவை ஏதோ சொல்லவும் செய்தது. என்னவென்று காது கொடுக்கவில்லை. கால் கிலோ ஆய்ந்து முடித்தபோது சத்தம் இல்லை. கல்லுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு மூலையில் நிறம் மங்கியிருக்கும், பார்.

கிளியைச் செய்தித்தாளில் சுற்றித் தெருமுனைத் தொட்டியில் போட்டேன். காலிக் கூண்டைப் பழையபடி கட்டிலருகே மாட்டி, அதன் கதவைத் திறந்துவைத்தேன்.

தினமும் காலையில் தானியம் போடுவது உன் அம்மாதான். அந்த இடது கையால் கொக்கியை எடுத்து, திரும்ப மாட்டுவதற்கு அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும். உதவிக்குப் போனால் கையைத் தட்டிவிடுவாள். விழித்ததும் கூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பறந்துடுச்சு," என்றேன். "இந்த ரூம் ஜன்னல் வேற திறந்து கிடந்தது. காலையில தானியம் போட்டியே, கொக்கிய மாட்டலையா நீ?"

அவள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்களை விரித்து, மடக்கி, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கையை அவள் வெளியே எடுக்கவில்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண் கெஞ்சிப் பார்த்தாள். டம்ளரைக்கூடப் பிடிக்கவில்லை. ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். நீ போனில் துரை எங்கே என்று கேட்டபோது, அதைப் பற்றி அம்மாவிடம் பேசாதே, மனசு கஷ்டப்படுவாள் என்றேன். நீயும் பேசவில்லை.

மூன்றாவது வாரம், நான் தலை வாரிவிடும்போது, அவளாக வாய் திறந்தாள். நாலு வருஷத்தில் என்னிடம் சொன்ன முதல் பேச்சு.

"அக்கா... என் கை. கொன்னுடுச்சு."

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பறந்தது வெளியே பிழைக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்போது நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும், அந்தக் கை வெளியே வந்திருக்கும். நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையை என் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன்.

"விடும்மா. தெரியாம நடந்தது. நான் உன்ன மன்னிச்சுட்டேன்."

அப்படித்தான் சொன்னேன். அடுத்த மூன்று வாரத்தில் போய்விட்டாள். சாப்பாடு இறங்காமல் உடம்பு ஒடுங்கி, இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதினார். நீ வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "உங்கள மாதிரி யாரு பெரியம்மா பாத்துப்பாங்க" என்று அழுதாய். நான் மறுக்கவில்லை. பார்த்துக்கொண்டதை மறுக்க என்ன இருக்கிறது. இதையும் மறுக்கவில்லை. கிளியைக் கொன்றது நான். பழியை அவள் கையில் வைத்தது நான். அவள் அந்தப் பழியோடு பட்டினி கிடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்ததும் நான்.

ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ளவேண்டும். அந்தக் கடைசி மூன்று வாரம் நான் அறையைவிட்டு எழுந்தால் உன் அம்மா கண் என் பின்னாலேயே வரும். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். நானும் அவளும் அவ்வளவு ஒட்டுதலாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.