இன்னா கொழம்பு

இல்லண்ணே, வரமாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. மொதல்ல உக்காருங்க. கருங்குழிலேர்ந்து இந்த வெயில்ல வண்டிய ஓட்டிக்கினு செங்கல்பட்டு வந்துகீறீங்க. தண்ணி குடிங்க. ஃபேன் போடலன்னு தப்பா எடுத்துக்காதீங்க, அந்த கிர்ருன்ற சத்தம் எனுக்கு இன்னும் ஆவல.

நீங்க சொன்னது வெளங்கிடுச்சி. பொன்னிக்கு மண்டைல மறுபடியும் கட்டி வந்துடுச்சி. டாக்டரு இன்னொரு ஆபரேஷன் பண்ணணும்ன்றாரு. அவ முடியாதுன்றா. நீங்க சொல்லிப் பாத்தீங்க, உங்க பையன் ஸ்டான்லி அழுது பாத்துட்டான், பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிட்டு போனாரு. ஒண்ணும் நடக்கல. பீவிக்கா சொன்னா கேப்பான்னு என்னைய இட்டுனு போக வந்துகீறீங்க. அவ்ளோதான? வரேன். இப்பதான் மாத்திர போட்டேன், போட்டா கொஞ்ச நேரம் தரை ஆடும். அது அடங்கனதும் கெளம்பிடலாம். அதுவரைக்கும் நான் பேசிக்கினு இருக்கேன், நீங்க கேளுங்க. பேசறது எனுக்கு கஷ்டம் இல்ல, அடுத்தவங்க பேசறத கேக்கறதுதான் கஷ்டம்.

ஆஸ்பத்திரி வார்டுல உங்கள எனுக்கு நல்லா ஞாபகம் கீது. அவ கால்மாட்டுல நின்னுக்கினே இருப்பீங்க, ஸ்டூல் இருந்தாலும் உக்கார மாட்டீங்க. சகாயம், உக்காருன்னு அவ சொல்லணும்னு பாப்பா. தேவசகாயம்ன்ற உங்க பேரு வாய்ல வராது, சகாயமும் வராது. கைய காட்டுவா. எங்க ரெண்டு பேரு கட்டிலும் ஒட்டி ஒட்டி. ஆபரேஷன் முடிஞ்சி எனுக்கு கண்ணு தெறந்து, இன்னா ஏதுன்னு புரியாம படுத்துக்கினு கீறேன், பக்கத்து கட்டில்லேர்ந்து ஒரு கொரலு. அக்கா, உனுக்கும் அத, அத, பச்சையா உருண்டையா இருக்குமே, உள்ள செவப்பா, வெயில்ல துன்னுவோமே, அதுமாரி அறுத்துட்டாங்களான்னுது. தர்பூசணியான்னேன். ஆங், அதான்னா. சிரிச்சிட்டேன். சிரிச்சா தையலு இழுக்குது, வலில கண்ணுல தண்ணி வருது. அந்த ஆபரேஷனுக்கு அப்பால நான் சிரிச்சது அதான் மொத தடவ. அதுக்கப்பறம் ரொம்ப சிரிச்சதுமில்ல.

ஒரே வாரம், ஒரே டாக்டரு. எனுக்கு வந்தது சாதுக் கட்டி, எடுத்துட்டா திரும்ப வராதுன்னுட்டாங்க. அவளுக்கு வந்தது பொல்லாத கட்டி. அத அவகிட்ட சொல்லக்கூடாதுன்னு நீங்க நர்சம்மாகிட்ட வராண்டால நின்னு கெஞ்சனது அவ காதுல வுழுந்துடுச்சி. உங்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாதுன்னு நீங்க நெனச்சிக்கினு இருந்தா உங்க மனசுக்கு நல்லதுன்னு வுட்டுட்டா.

வூட்டுக்கு வந்தப்பறம்தான் நெஜமான பேஜாரு. ஆஸ்பத்திரில வலின்னா ஒரு ஊசி போடுவாங்க. வூட்ல வலின்னா ஆளுக்கொரு கதை சொல்வாங்க. குத்துதா, இடிக்குதான்னு கேப்பாங்க. ரெண்டும் இல்ல. தலைக்குள்ள யாரோ பீரோவ இஸ்துக்கினு போறாப்ல இருக்கும். ஒரு மூலைலேர்ந்து இன்னொரு மூலைக்கு. அங்க வெச்சிட்டு, இல்ல, இங்க வேணாம்னு திரும்ப இஸ்துக்கினு வருவாங்க. அத யாருகிட்ட சொல்றது? பாக்க வரவங்க ஆப்பிள் வாங்கிக்கினு வராங்க, உக்காந்து, எங்க சித்தப்பாவுக்கும் இதேதான் வந்துச்சின்னு ஆரம்பிப்பாங்க. அந்த சித்தப்பா கடைசில செத்துப் போயிருப்பாரு. எப்டிம்மா கீதுன்னு கேட்டுட்டு நான் பதில் சொல்றதுக்குள்ள டீ வந்துடும். எங்க வூட்டுக்காரரு ஷபீரு பாவம், கடையில பேகு விக்கறவரு, காலைலயும் கேப்பாரு ராத்திரியும் கேப்பாரு. பரவால்லன்னு சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைய கேட்டாலே எனுக்கு வாந்தி வர மாரி ஆயிடுச்சி.

அப்பதான் பொன்னி ஃபோன் பண்ணா. எப்டி கீதுன்னு ஆரம்பிச்சவ நிறுத்திட்டா. அக்கா, இத நாம ரெண்டு பேரும் கேட்டுக்கவே வேணாம், இன்னா கொழம்புன்னு கேட்டுக்கலாம்னா. சரின்னேன். மீன் கொழம்புன்னா அன்னிக்கி எழுந்து நடமாடறோம்னு அர்த்தம். ரசம்னா சுமாரு. கஞ்சின்னு சொன்னா பேச வேணாம். ஃபோன வெக்கவும் வேணாம், காதுகிட்ட போட்டுக்கினு சும்மா படுத்துக்கினு இருக்கணும். அவ மூச்சு விடறது எனுக்கு கேக்கும், உங்க வூட்டு கோழி கத்தறது கேக்கும். எங்க பையன் உவைசு பைக்க ஸ்டார்ட் பண்றது அவளுக்கு கேக்கும். அவ்ளோதான். வலி போச்சான்னா போவல. ஆனா பீரோ இஸ்துக்கினு போறப்ப தனியா இல்லன்னு ஒரு இது.

ஒரு நாள் நீங்க வஞ்சிரம் வாங்கியாந்து, நீங்களே ஆக்கி, தட்டுல போட்டுக் குடுத்துட்டு பக்கத்துல உக்காந்துகினு கீறீங்க, அவ என்கிட்ட ஃபோன்ல கஞ்சிக்கா கஞ்சின்றா. நீங்க கோச்சிக்கினீங்களாமே. நான் இவ்ளோ செஞ்சும் ஊருகிட்ட கஞ்சி ஊத்தறான்னு சொல்றாளேன்னு. இப்ப சொல்றேன், அவ சொன்னது சோத்த இல்ல, வலிய.

இடையில எங்க பொண்ணு ஹனியா வந்து, மாமல்லபுரத்துல என் வூட்ல வந்து கொஞ்ச நாள் இரும்மா, கடல் காத்து நல்லதுன்னு இட்டுனு போனா. நல்ல பொண்ணுதான். ஆனா அவ வூட்டுக்கு அடுத்த காம்பவுண்டுல செலை செய்யற பட்டறை. உளி சத்தம்கூட பரவால்லண்ணே, கல்லறுக்கற மிஷினு கீதே, அது ஓடறப்ப என் பல்லெல்லாம் கழண்டு வர மாரி இருக்கும். மாப்ளகிட்ட இன்னா சொல்றது? பட்டறைக்காரங்க பொழப்பு அது. எழுந்து கடல்கரைக்குப் போயிடுவேன். அங்கேர்ந்து பொன்னிக்கு ஃபோன் போட்டா அவ வேடந்தாங்கல்ல அவங்க அம்மா வூட்ல கீறா. சத்தமில்லாத எடம்னு நீங்கதான் கொண்டுபோய் வுட்டீங்க. அது சீசனு, ஏரி முச்சூடும் பறவ, விடிஞ்சா ஆரம்பிச்சி பொழுது சாயறவரைக்கும் கத்துது. அக்கா, இதுங்களுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டரு யாருன்னா கீறாங்களான்னு கேட்டா. ரெண்டு பேரும் அவங்க அவங்க சத்தத்த ஃபோன்ல காட்டிக்கினோம். யாரு சத்தம் பெருசுன்னு.

தோ பாருங்க, இங்க, காதுக்கு மேல. முக்காட்டு துணி மேலயே தொட்டு காட்றேன். இந்த எடம் மரத்துப் போச்சி. தொட்டா தெரியாது, கிள்ளுனாலும் தெரியாது. நரம்ப அறுத்த எடம், மெதுவா உணர்ச்சி வரும்னாரு டாக்டரு. வெளில மட்டும் இல்லண்ணே. எங்க பெரியண்ணன் மவுத்தாயிட்டாரு. என்னைய தூக்கி வளத்தவரு. எல்லாரும் அழுவறாங்க, நான் உக்காந்துகினு, அடுத்த மாத்திரைக்கு நேரமாச்சேன்னு யோசிக்கறேன். உவைசுக்கு நல்ல கம்பெனில வேல கெடச்சி ஸ்வீட்டோட வரான், வாய்ல ஊட்டறான், இனிப்பு கீதுன்னு தெரியுது, சந்தோஷம் வரல. பொன்னிகிட்ட சொன்னேன். அவ சொன்னா, எனுக்கு எல்லாம் வருதுக்கா, பேருதான் வரல.

அந்த பேரு விசயம் உங்ககிட்ட சொல்லணும். கரண்டிய சோறு எடுக்கறதும்பா, சீப்ப தலைக்குப் போடறதும்பா, அதெல்லாம் நீங்களும் பாத்திருப்பீங்க. தெனம் எங்கிட்ட ஃபோன்ல சாமான் சாமானா சொல்லிப் பழகினா. நான் அது இன்னா கலரு, எதுக்கு ஒதவும்னு சொல்வேன், அவ பேரு சொல்லணும். அம்மி வந்துச்சி, அண்டா வந்துச்சி. உங்க பேரு வந்துச்சி, ஸ்டான்லி வந்துச்சி. பொண்ணு பேரு மட்டும் வரல. பெத்தவளுக்கு ஷாரோன்ற பேரு வாய்ல நிக்கல. பாப்பா, பாப்பான்னு கூப்ட்டு சமாளிச்சிருக்கா. பொண்ணு கூட, இன்னாம்மா கொஞ்சறன்னு சிரிச்சிருக்குது. பாத்ரூம்ல போயி தண்ணிய தெறந்து வுட்டுட்டு அந்த பேர சொல்லிச் சொல்லிப் பாப்பாளாம். ஷான்னு வரும், அப்டியே நின்னுடும்.

தெரியாதா உங்களுக்கு? தெரியாதுன்னுதான் நெனச்சேன்.

ஒரு நாள் காலைல ஃபோன் வந்துச்சி. ஹலோன்னு கூட சொல்லல. ஷாரோன், ஷாரோன், ஷாரோன்னு சொல்லிக்கினே கீறா. பொண்ணு ஸ்கூலுக்கு கெளம்பிப் போயிருச்சாம், வாசல்ல நின்னு கத்திக் கூப்ட்டாளாம், அது திரும்பிப் பாத்துட்டு இன்னாம்மான்னு கேட்டுச்சாம். ஒண்ணுமில்ல, போன்னு சொல்லிட்டு எனுக்கு ஃபோன் பண்ணிக்கீறா. அவ அழுவறா. நான் இந்தப் பக்கம் சரி சரின்னு கேட்டுக்கினு இருந்தேன்.

இப்ப டாக்டரு இன்னா சொன்னாரு? கொஞ்ச காலம் கூட கெடைக்கும், ஆனா இந்த தடவ பேச்சு போயிடும், அநேகமா வலது கையும் போவும்னு. அப்டித்தான? நீங்க கட்டின புருஷன். பேசலன்னா இன்னா, கண்ணு முன்னாடி இருந்தா போதும், ஊட்டி வுட்டு பாத்துக்கறேன்றீங்க. அதுல தப்பே இல்ல. எங்க வூட்டுக்காரரும் அதத்தான் சொல்லுவாரு. நீங்க செய்வீங்கன்னும் எனுக்குத் தெரியும், வார்டுல பாத்தவதான நானு.

தரை இப்ப ஆடல. புர்கா போட்டுக்கினு வந்துடறேன், கெளம்பிடலாம்.

அதுக்கு முன்ன ஒண்ணு. வண்டில போறப்ப சொன்னா காத்துல உங்களுக்கு கேக்காது. போன ஞாயித்துக்கெழம நீங்க எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருந்தீங்க, அவ எனுக்கு ஃபோன் பண்ணா. டாக்டரு சொன்னத சொல்லிட்டு, அக்கா, நீயா இருந்தா பண்ணிக்குவியான்னு கேட்டா. அல்லா கீறான், டாக்டரு சொல்றத கேளும்மான்னு சொல்லிருக்கலாம். யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பாங்க. நான் பண்ணிக்க மாட்டேன்னு சொன்னேன். புள்ளைங்க பேர கூப்ட முடியற வரைக்கும் கூப்ட்டுக்கினு இருப்பேன்னேன். சரிக்கான்னு வெச்சிட்டா. சாயந்தரமே உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிக்கீறா.

இப்பவும் அவ கேட்டா நான் அதத்தான் சொல்லுவேன். நீங்க பக்கத்துல நின்னாலும் மாத்தி சொல்ல வராது எனுக்கு. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்கண்ணே, நான் கோச்சிக்க மாட்டேன். இல்ல, வான்னா, வண்டிய அந்தப் பக்கம் நெழல்ல திருப்பி நிறுத்துங்க. தோ வந்துடறேன்.