மகள் வீட்டு மரக்கால்

— அம்மாக்கண்ணு, இங்க வா. நான் கொண்டாந்த இந்த மூட்டைக்குள்ள கைய வுட்டுப் பாரு.

— நெல்லுதான் இருக்கும், பாம்பா இருக்கும்? அடுப்புல கொழம்பு கொதிக்குதுப்பா.

— கொதிக்கட்டும். நான் வந்து ரெண்டு மாசமாச்சு. வாரா வாரம் என் சாப்பாட்டுக்குன்னு ஒரு மரக்கா அளந்து உன் குதிர்ல கொட்டறேன். மூட்டை அப்படியே நிக்குது. நெல்லுக்குச் சர்க்காரு கண்ட்ரோல் போட்ட இந்தக் காலத்துல எவன் வூட்டுலயாவது நெல்லு கொறையாம இருக்கா? நாயம் பேசு.

— கண்ணுல பொறை விழுந்திருக்கு. உங்களுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்.

— பொறை கண்ணுலதான், கையில இல்ல. கொட்டுனத நீ திரும்ப அள்ளிப் போடற.

— ஆமா, போடறேன். பெத்த அப்பனுக்குச் சோறு போட்டுக் கூலி வாங்க நான் என்ன காபி கிளப்பா நடத்தறேன்?

— பொண்ணு குடுத்த வூட்டுல அய்யம்பெருமாள் ஓசியில கை நனைக்கறான்னு ஊரு பேசும். நெல்லு வாங்கிக்கறேன்னு நீ சத்தியம் பண்ணதாலதான் வண்டியில ஏறினேன். நாயம் பேசு.

— கெணத்துமேட்டுல தடுக்கி விழுந்து கெடந்தீங்க. நான் சத்தியம் பண்ணாம நாயம் பேசிக்கிட்டிருந்தா இன்னும் அங்கயேதான் கெடப்பீங்க.

— மாப்ள! மாப்ளோய்! இப்படி வாங்க. உங்க சம்சாரம் பண்ற வேலை உங்களுக்குத் தெரியுமா?

— அதில்ல மாமா... மாட்டுக்குத் தண்ணி காட்டணும்...

— தெரியுமா, தெரியாதா?

— அதில்ல மாமா... மூட்டை வாயப் பிடிச்சுக்கிட்டதே நான்தான்.

— கூட்டுக் களவாணித்தனம்! சரி, நான் நம்மூரு விக்கிரமங்கலத்துக்கே போறேன். ரெண்டு காணியையும் எழுதிக் குடுத்தா சாகறவரைக்கும் கஞ்சி ஊத்தறேன்னு பங்காளி வீரமுத்து சொல்லியிருக்கான். அந்தக் கஞ்சிய நிமிந்து உக்காந்து குடிப்பேன்.

— எழுதி வாங்கறவரைக்கும் ஊத்துவாரு. அப்புறம் உங்களக் கையப் பிடிச்சுக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போறது யாரு?

— கம்பு இருக்கு.

— கூப்பிட்டா கம்பு வருமா? எனக்குப் பயமா இருக்குப்பா. அம்மாவப் பறிகொடுத்தாச்சு. உங்களயும் பறிகொடுக்க முடியாது.

— அழாத தாயி. எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா? இங்க ஒவ்வொரு வாய்ச் சோறும் தொண்டையில நிக்குது.

— அப்ப நாங்க உங்க வூட்டுக்கு வரோம். உங்க அடுப்பு, உங்க நெல்லு. நான் ஆக்கிப் போடறேன். தரிசாக் கெடக்கற காணிய இவரு உழுவட்டும். இங்கயும் ஊரான் நெலத்தத்தான குத்தகைக்கு உழுவறாரு?

— நானா? வூட்டோட மாப்ளையாவா? அரியலூரே கைகொட்டிச் சிரிக்கும்! மாமனார் சோறு ஒரு ஆம்பளைக்கு எறங்குமாடி?

— கேட்டியா கண்ணு! மாமனார் சோறு அவருக்கு எறங்காதாம். மாப்ள சோறு எனக்கு மட்டும் எறங்கணுமாம். நாயம் பேசுங்க மாப்ள!

— போச்சு, கொழம்பு அடிப்பிடிச்சிருச்சு. ரெண்டு பேருக்கும்தான் சோறு எறங்காதே, பட்டினி கெடங்க. யாராவது ஒருத்தர் எறங்கி வரவரைக்கும் அடுப்பு பத்தவெக்க மாட்டேன்.

— அவங்கம்மா பிடிவாதம் அப்படியே இருக்கு. மாப்ள, நீங்க வர வேணாம். உங்க மானம் எனக்குப் புரியுது. என்னைச் சாயங்காலம் பஸ் ஏத்தி வுட்டா போதும்.

— அதில்ல மாமா...

— இன்னும் என்ன அதில்ல?

— அங்க வந்தா, என் சாப்பாட்டுக்கு நான் எத்தினி மரக்கா அளக்கணும்?