சுவருக்குக் காட்டிய படங்கள்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, "பத்தே நிமிடம்" என்று கண்ணாலேயே கட்டளையிட்டுவிட்ட அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி வீற்றிருக்கும் மூத்தோர்களே! இடுப்பில் ஒன்று, மடியில் ஒன்று, ஓடிப்போனது ஒன்று என்று பிள்ளைகளைக் கட்டி மேய்த்தபடியே செவியை மட்டும் எனக்குத் தந்திருக்கும் தாய்மார்களே! நாற்பது மழலையர் பள்ளிகளிலிருந்து நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஆசிரியைகளே, ஆயாக்களே! உங்கள் அனைவருக்கும் அன்பும் அச்சமும் கலந்த என் வணக்கம்.

அன்பு சரி, அச்சம் எதற்கு என்கிறீர்களா? சொல்லத்தான் வந்திருக்கிறேன். படப்புத்தகங்களால் பச்சிளம் பிள்ளைகளுக்குப் பரிவைப் புகட்டிய பண்பாளர் என்று எனக்கு இன்று பட்டம் தந்திருக்கிறீர்கள். பகரத்துக்குப் பகரம் பொருத்திய அந்தப் புலவர் யாரோ, அவருக்கு நன்றி. ஆனால் பட்டத்தைத் தலையில் சூட்டிக்கொள்ளும் முன் பாவத்தைச் சொல்லிவிடுவதுதானே முறை? கைதட்டாதீர்கள். கேட்டு முடித்த பிறகும் தட்டத் தோன்றினால் தட்டுங்கள்.

என் வகுப்பறையைச் சொல்கிறேன். நீளமான அறை. ஒரு பக்கம் சன்னல். மறுபக்கம், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான ஒற்றைச் செங்கல் சுவர். பதினெட்டுப் பிள்ளைகள். எல்லோருக்கும் நான்கு வயது, எல்லோருக்கும் மூக்கு ஒழுகும். காலை பத்து மணி அடித்தால் வட்டமாகப் பாய் விரிப்போம், படப்புத்தகம் திறப்போம். அன்பைச் சொல்லும் புத்தகம், அணைப்பைச் சொல்லும் புத்தகம், "நீயும் நம்ம கூட்டம்தான்" என்று நெஞ்சைத் தொடும் புத்தகம். அவற்றில் எங்கள் செல்லம் ஒரு முள்ளம்பன்றிக் கதை. விலங்குகள் எல்லாம் ஒரே பாயில் அமர்ந்திருக்கும். முள்ளம்பன்றி வரும். குத்துமே என்று எல்லாம் முகம் சுளிக்கும். வாத்து மட்டும் எழுந்து சொல்லும்: "நகருங்க, நகருங்க, இன்னும் கொஞ்சம் நகருங்க!" அதை நான் ராகம் போட்டு இழுப்பேன். பக்கம் புரட்டும் முன் அட்டையில் இரண்டு முறை தட்டுவேன். தட்டியதும் பிள்ளைகள் கண்ணை மூட வேண்டும், புரட்டியதும் திறக்க வேண்டும். இது எங்கள் வகுப்பின் சட்டம்.

ஒரு நாள் இரண்டு தட்டினேன். மூன்று கேட்டது.

காது பழுதோ என்று மறுபடி தட்டினேன். டக், டக். சற்றுப் பொறுத்து, டக். சுவரிலிருந்து வந்தது. அன்பர்களே, தட்டும் சத்தம் கேட்டதற்கு நான் பயப்படவில்லை. பதினெட்டுப் பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அதற்குத்தான் பயந்தேன். தினமும் கேட்கிற சத்தத்துக்கு யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"எலிடா கண்ணுங்களா," என்றேன். பிள்ளைகள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

அதன் பிறகுதான் என் கண்ணுக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பதினெட்டுப் பிள்ளைகள், பத்தொன்பது பாய். சுவரை ஒட்டி ஒரு பாய் காலியாகக் கிடக்கும். கால் வலிக்கிறதே என்று அதில் உட்காரப் போனேன். எங்கள் வகுப்பில் ஒரு சின்னப் பெண் உண்டு, வாயைத் திறந்தால் கேள்விதான், "கேள்விப்பெட்டி" என்றே கூப்பிடுவோம். அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க உக்காராதீங்க டீச்சர். அது அவளோட இடம்."

"எவளோட இடம்டி?"

"சுவத்துல இருக்கிறவளோட இடம்."

"அவ பேர் என்ன?"

"அவ இன்னும் சொல்லல டீச்சர்."

இன்னொரு நாள். மதிய வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெற்று வகுப்பில் நான் மட்டும் பாய் சுருட்டுகிறேன். சுவருக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. சொல் இல்லை, சுரம் மட்டும். நகருங்க, நகருங்க என்று நான் இழுக்கும் அதே இழுப்பு, நான் மூச்சு விடும் அதே இடத்தில் மூச்சு. என் குரல் என்னை விட்டுப் போய்ச் சுவருக்குள் குடியேறிவிட்டதோ என்று தோன்றியது. சுருட்டிய பாயை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

என்ன செய்திருக்க வேண்டும் நான்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். பத்தடி தூரம். தட்டினேனா? தட்டவில்லை! மறுநாள் ஆயாவைக் கூப்பிட்டு, கனமான புத்தக அலமாரியை இருவருமாக நகர்த்தி, அந்தச் சுவரை மறைத்து வைத்தேன். காலியாகக் கிடந்த பாயைச் சுருட்டி மேலே போட்டேன். அதை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, அதே காலையில், அதே வகுப்பில், "எல்லாருக்கும் இடம் குடுக்கணும் கண்ணுங்களா" என்று முள்ளம்பன்றிக் கதையைப் படித்தேன். பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள் அம்மா, எனக்கு வேண்டியதுதான்.

தட்டும் சத்தம் நின்றது. முனகல் நின்றது. கூடவே பிள்ளைகளின் சிரிப்பும் நின்றது. வாத்து வந்தாலும் சிரிப்பில்லை, யானை வழுக்கி விழுந்தாலும் சிரிப்பில்லை. இரண்டு முறை தட்டினால் கண்ணை மூடினார்கள், புரட்டிய பிறகும் திறக்கவில்லை. அப்படியே காத்திருந்தார்கள். கண்ணை மூடிய பதினெட்டு முகங்கள், எதற்கோ காது கொடுத்துக்கொண்டு! அந்த மௌனத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

அடுத்து, புத்தகங்கள் காணாமல் போகத் தொடங்கின. ஒரு வாரத்தில் பதினொன்று. பையைத் துழாவினேன், பெற்றோரைக் கேட்டேன், ஆயாவைக்கூடச் சந்தேகப்பட்டேன். அவர் கோபத்தில் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "வாங்கம்மா, இந்த அலமாரியத் தள்ளிப் பாத்துடுவோம்" என்றார். தள்ளினோம். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. சின்னக் கைகள் மட்டும் நுழையும் இடம். அங்கே வரிசையாகப் பதினொரு புத்தகங்களும் நின்றன. எல்லாம் திறந்திருந்தன. படமெல்லாம் சுவரைப் பார்த்து.

அலமாரியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஆயாதான் மெல்லச் சொன்னார்.

"எனக்கு மொத நாளே தெரியும்மா. பக்கத்து வீட்டுப் பொண்ணு."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் எலின்னுட்டீங்களே. மேடம் எலின்னு சொன்னா, ஆயா என்ன புலின்னா சொல்ல முடியும்?"

சிரியுங்கள், சிரியுங்கள்! சிரிக்க இதுதான் கடைசி இடம்.

போனேன். பக்கத்து வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம், சுற்றிலும் தைத்த துணிப்பைகள் மலையாய்க் குவிந்திருந்தன. ஒரு தாய் எழுந்து நின்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சத்தம் தொந்தரவா இருந்துச்சாங்க மேடம்? மன்னிச்சிடுங்க. அந்தப் பக்கம் ஏதோ நகர்த்துற சத்தம் கேட்டதுமே தட்டக்கூடாதுன்னு சொல்லிட்டேன். இப்பல்லாம் தட்டுறதில்லை."

உள்ளறைக்குக் கூட்டிப் போனார். சுவரை ஒட்டி ஒரு குட்டி நாற்காலி. அதில் தலை வாரி, பொட்டு வைத்து, பள்ளிக்குப் புறப்பட்ட கோலத்தில் ஓர் ஐந்து வயதுப் பெண். சுவரில் காதை வைத்திருந்தாள். நான் வந்ததற்குத் திரும்பவில்லை.

சுவரைப் பார்த்தேன். பெரியோர்களே, என் கதைகள் எல்லாம் அங்கே இருந்தன! அவள் உயரத்துக்கு எட்டிய மட்டும் கரியாலும் வண்ணப் பென்சிலாலும் வரைந்திருந்தாள். காதால் கேட்டு வரைந்த படங்கள். வாத்துக்கு நான்கு கால். முள்ளம்பன்றியின் முதுகு முழுக்க ஆணி. ஒரு பக்கத்தில் வட்டமாகப் பிள்ளைகள். எண்ணினேன். பத்தொன்பது. நடுவில் ஒரு பெரிய உருவம். அதன் முகம் முழுவதும் வாய். பல்லெல்லாம் தெரியத் திறந்த சிவந்த வாய். கண் இல்லை. ஒரு படத்தில் இல்லை, இரண்டு படத்தில் இல்லை, எந்தப் படத்திலும் அந்த உருவத்துக்குக் கண்ணே இல்லை!

"இது யாரு?" என்றேன்.

அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்கதாங்க மேடம்."

மனதைத் தேற்றிக்கொண்டேன். பாவம், குரலை மட்டும் கேட்ட குழந்தை, வாயை மட்டும் வரைந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்தத் தேறுதலும் நிலைக்கவில்லை. அந்தத் தாய் அலமாரியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். எங்கள் பள்ளியின் சேர்க்கைப் படிவம். ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி: "பேச்சு வந்ததும் அழைத்து வரவும்."

"இன்னும் பேச்சு வரலைங்க மேடம். வந்ததும் கூட்டிட்டு வரலாம்னுதான் இருக்கேன். அதுவரைக்கும் பாடமாச்சும் காதுல விழட்டும்னு இந்த வீட்டப் பாத்துக் குடி வந்தோம்."

கேட்டீர்களா, தாய்மார்களே? கோபம் ஒரு சொட்டு இல்லை அந்தக் குரலில்! திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பெண் என்னைப் பார்த்திருக்கிறாள். சேர்க்கை நாளில் என் மேசைக்கு முன்னால், அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் பேசியிருக்கிறேன், எழுதியிருக்கிறேன், அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறேன். படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் வரைந்ததில் ஒரு பிழையும் இல்லை, ஐயா. பார்த்ததைப் பார்த்தபடி வரைந்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவள் எங்கள் வகுப்புக்கு வந்தாள். பிள்ளைகளுக்கு வியப்பே இல்லை. கேள்விப்பெட்டி மட்டும், "ஏன் இவ்ளோ நாள் லேட்டு?" என்று என்னைக் கேட்டாள். அவளிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள். இன்றுவரை அந்தப் பெண் பேசவில்லை. நிறைய வரைகிறாள். என்னையும் வரைகிறாள். கண் இன்னும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

தோழியரே, ஆசிரியைகளே! படப்புத்தகம் பொல்லாதது! அதைப் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். நாம் படித்துக் காட்டிவிட்டு மூடி வைத்துவிடுகிறோம், அவர்கள் அதன்படி பாய் விரித்துவிடுகிறார்கள். இடம் கொடு என்று வாயால் படிக்கிறோமே, கொடுத்தோமா? நகருங்க என்று ராகம் போடுகிறோமே, நகர்ந்தோமா? நாளைக் காலை இந்த அவையின் அன்பளிப்பாக நாற்பது பள்ளிக்கும் நாற்பது பெட்டி வந்து இறங்கும். அத்தனையும் அன்பைச் சொல்லும் அழகழகான புத்தகங்கள். அந்தப் பெட்டியைத் திறக்கும் முன், உங்கள் அலுவலக அறையின் இரும்பு அலமாரியைத் திறந்து பாருங்கள். "நடக்கத் தொடங்கியதும்", "அழுகை நின்றதும்", "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று நம் கையால் எழுதித் திருப்பிய பிள்ளைகளின் பட்டியல் அங்கே இருக்கும். இல்லை என்று யாராவது எழுந்து சொல்லுங்கள் பார்ப்போம்!

எழவில்லை. எனக்குத் தெரியும்.

என் அலமாரியில் இன்னும் ஏழு பெயர் இருந்தது. ஆறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். ஆறு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ஏழாவது வீடு பூட்டிக் கிடந்தது. குடி பெயர்ந்துவிட்டார்களாம். எங்கே போனார்கள் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏதோ ஒரு பள்ளியை ஒட்டி வீடு பிடித்திருப்பதாக மட்டும் ஒருவர் சொன்னார். எந்தப் பள்ளி என்று அவருக்கு நினைவில்லை.

உங்கள் பள்ளியாக இருக்கலாம். நாளைக்குப் பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது, கொஞ்சம் நிறுத்திச் சுவரைக் கேளுங்கள். பொறுமையோடு செவி தந்த உங்களுக்கெல்லாம் நன்றி. எங்கேயோ ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தைக்கு வணக்கம்.