ஊருக்குள்ளே வைத்த காலனி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில், முன்சீட்டில் மடியில் லேப்டாப் பையோடு இருந்த பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்: "எங்க காலனிய ஊருக்குள்ள வெச்சுட்டேன்க்கா."

"எங்க வெச்ச?"

"எங்க ஊருக்கு நான் பண்ற வெப்சைட்லதான். ஒவ்வொரு இடமும் எதுக்குள்ள இருக்குன்னு கோடிங்ல எழுதணும். பாக்குறவங்களுக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் மட்டும் படிச்சுக்கும். கோயிலு, ஏரி, ஸ்கூல் எல்லாம் ஊருக்குள்ளன்னு எழுதிட்டேன். காலனி வந்ததும் கை ஓடல."

"தனி இடம்னு போட்டிருக்கலாம்ல?"

"போடலாம். மனசு வரல. உள்ளன்னே எழுதிட்டேன்."

"நல்லதுதானே. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

"அப்பாகிட்ட அந்த வரியப் படிச்சுக் காட்டுனேன்க்கா. சந்தோஷப்படுவாருன்னு நெனச்சேன்."

எதிரே வந்த சிமெண்ட் லாரிக்கு பஸ் ஒதுங்கி நின்றது.

"என்ன சொன்னாரு?"

"'தேரே இன்னும் நம்ம தெருவுக்கு வரல. நீ எப்படிம்மா உள்ளன்னு எழுதுன?'ன்னு கேட்டாரு."

"அழிச்சுட்டியா?"

"இல்லக்கா. அது அப்படியேதான் இருக்கு. அவருக்குப் படிச்சுக் காட்டாம இருந்திருக்கலாம்."